அடியில் தங்கிய எலும்பு

ஜூன் 6, திங்கள்

சுற்றறிக்கையை இன்று ஆய்வகச் சுவரில் ஒட்டினேன். வந்து நான்கு நாளாகிவிட்டது. பசை டப்பா காய்ந்து கிடந்தது.

பால் மாட்டுக்கும், இறைச்சிக்கு வளர்க்கும் ஆட்டுக்கும் போடுகிற தீவனத்தில் மாடு, பன்றி இவற்றின் இறைச்சியோ எலும்போ ரத்தமோ குடலோ கலக்கக் கூடாது. கோழி, பன்றி, மீன் தீவனத்துக்கு மட்டும் விலக்கு. விதி புதிதில்லை. மறுபடி நினைவூட்டி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் மில்லில் முட்டைக்கோழிக்கும் தீவனம் அரைக்கிறோம், மாட்டுக்கும் அரைக்கிறோம். இரண்டுக்கும் ஒரே மிக்ஸர். மாட்டுத் தீவனம் ஒவ்வொரு லாட் வெளியே போகும்போதும் 'தடை செய்யப்பட்ட விலங்குப் புரதம் எதுவும் இல்லை' என்று ஒரு சான்றிதழ் கூடவே போகும். கீழே என் பெயர். கோகிலவாணி, தர ஆய்வாளர்.

ஆய்வக நோட்டில் எழுதுவதெல்லாம் மில்லுக்குச் சொந்தம். வைட்டமின் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரி எனக்கு.

குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருந்தது. சாயங்காலம் இறங்கித் தேய்த்தேன். முழங்கை இன்னும் எரிகிறது.

ஜூன் 9, வியாழன்

மாட்டுத் தீவனம் இரண்டு லாட். கலவைத் தாளில் தாது உப்பு ஆறு சதவீதம் என்று அச்சாகியிருந்தது. வழக்கம் இரண்டு. தட்டச்சுப் பிழையாக இருக்கும். புரதம் இருபது, ஈரம் பத்தரை. எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் யுவராஜ் கரூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனார். மில் லாரியில் ஏழு வருடமாக அவர்தான் டிரைவர். வரும்போது முருங்கைக்காய் வாங்கி வந்தார். முற்றல்.

ஜூன் 14, செவ்வாய்

மைக்ராஸ்கோப் சோதனையும் செய்ய வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. இத்தனை நாள் செய்யவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. மைக்ராஸ்கோப் பீரோவின் மேல் உறை போட்டு இருந்தது. துடைத்து எடுத்தேன்.

புரதத்தின் அளவைப் பார்க்கிற சோதனை, அந்தப் புரதம் சோயாவிலிருந்து வந்ததா செத்த மாட்டிலிருந்து வந்ததா என்று சொல்லாது. அதற்கு வேறு வழி. தீவனப் பொடியைக் கனமான ஒரு திரவத்தில் போட்டுக் கலக்க வேண்டும். தவிடு, பிண்ணாக்கு, மக்காச்சோளம் மேலே மிதக்கும். மணலும் தாது உப்பும் அடியில் தங்கும். எலும்பு இருந்தால் அதுவும் அடியில்தான்.

அடியில் தங்கியது நான் நினைத்ததைவிட அதிகம்.

அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கல்லூரியில் ஒருமுறை பார்த்தது மறக்கவில்லை. இளமஞ்சள் சில்லுகள், உடைந்த கண்ணாடி மாதிரி ஓரம், உள்ளே எள் தூவியதுபோல் கறுப்புக் குழிகள். கருவாட்டு முள்ளாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். மீன் முள்ளில் அந்தக் குழிகள் நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும். இவை உருண்டை. நாலு கால் பிராணியின் எலும்பு.

கோழித் தீவனத்துக்கு இறைச்சி எலும்புத்தூள் போடுகிறோம். அது மிக்ஸரில் ஒட்டியிருந்து மாட்டுத் தீவனத்தில் வந்திருக்கும்.

அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 15, புதன்

முதலாளியிடம் சொன்னேன். தெய்வசிகாமணி அய்யாவுக்கு வயது அறுபத்திரண்டு. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"இதுக்கெதுக்கு அம்மிணி இத்தனை சங்கடப்படறே? மிக்ஸரைச் சுத்தம் பண்ணச் சொல்லிப் போடு. ஆறுச்சாமிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

நிம்மதியாக இருந்தது. இவ்வளவு லேசான விஷயத்துக்கா ராத்திரி சோறு இறங்கவில்லை என்று என்மேலேயே சிரிப்பு வந்தது.

ஜூன் 17, வெள்ளி

ஆறுச்சாமி அண்ணன்தான் மிக்ஸர் ஓட்டுகிறார். பதினெட்டு வருடமாக அதே மேடை, அதே ஸ்டூல். கோழித் தீவனம் முடிந்ததும் நாலு மூட்டைத் தவிடு கொட்டி மிக்ஸரைச் சுற்றவிட்டு, அந்தத் தவிட்டைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். செய்தார். பிரஷ்ஷால் உள்ளேயும் தேய்த்தார்.

"மேடமுங்க, ஒண்ணு கேக்கறேன். கோழிக்குப் போட்டா ஒண்ணுமில்லை, மாட்டுக்குப் போட்டா ஆகாதுங்கறது என்ன கணக்குங்க?"

வெளிநாட்டில் நடந்ததைச் சொன்னேன். செத்த மாட்டின் எலும்பையும் நரம்பையும் அரைத்து உயிரோடிருக்கும் மாட்டுக்குப் போட்டார்கள். நோய்ப்பட்ட ஒரு மாட்டிலிருந்து அது நூறு மாட்டுக்குப் போயிற்று. மூளை சல்லடைபோல் துளைந்து, நிற்கமுடியாமல் விழுந்து செத்தன. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்தக் கிருமி போவதில்லை, உண்மையில் அது கிருமிகூட இல்லை. அந்த மாட்டைத் தின்ற சில மனிதர்களுக்கும் வந்தது. நம் ஊரில் இல்லை. வரவே கூடாது என்பதற்குத்தான் விதி.

அவர் பிரஷ்ஷைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மாடு தானா இதையெல்லாம் திங்காதுங்களே மேடம். நாமதான அரைச்சு வாயில வெக்கறோம்" என்றார்.

ஜூன் 20, திங்கள்

சுத்தம் செய்தபின் வந்த முதல் லாட். கலக்கிப் பார்த்தேன். குறையவில்லை. முன்பைவிட அதிகம்.

மூன்று முறை செய்தேன்.

ஜூன் 21, செவ்வாய்

வேலை அதிகம். லாட் இரண்டு போயிற்று. மாதாந்திர எடைக்கல் சரிபார்ப்பு முடிந்தது. ஜன்னல் கம்பியில் குளவி கூடு கட்டியிருக்கிறது.

ஜூன் 23, வியாழன்

அக்கா போன் செய்தாள். ராசிபுரம் பக்கம் ஊர். மாமா இறந்தபின் நாலு கறவை மாட்டை வைத்துத்தான் பிழைக்கிறாள். அவளுடைய தொழுவத்துக்குத் தீவனம் எங்கள் மில்லிலிருந்துதான் போகிறது. யுவராஜ் அந்தப் பக்கம் லோடு போகும்போது இறக்கிவிடுவார்.

"கண்ணு, உன்ற தீவனத்துல செவலை அரைப் படி கூடக் கறக்குது. பக்கத்து ஊட்டு நாச்சாயிகிட்டயும் சொல்லிட்டேன். என்ற தங்கச்சி கையெழுத்துப் போட்டு வர்ற தீவனம், கண்ண மூடிட்டு வாங்குன்னு."

"சரிக்கா" என்றேன்.

வேறு என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை.

ஜூன் 24, வெள்ளி

மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் போனபின் மிக்ஸர் மேடைக்குப் போனேன். ஆறுச்சாமி அண்ணன் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, மிக்ஸர் சுத்தமாத்தான் இருக்கு. அப்புறம் எங்கிருந்து வருது?"

"மேடமுங்க, நானா எதும் சொல்லமாட்டேன். நீங்க பாத்துக்குங்க" என்று தொட்டிகளின் பக்கம் கையை மட்டும் நீட்டினார்.

தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று பெயிண்டில் எழுதியிருக்கும். பதினாலாம் தொட்டியில் 'தாது உப்பு'. ஏறி மூடியைத் திறந்தேன். தாது உப்புக்கு வாசனை கிடையாது. இதற்கு இருந்தது. காய்ந்த ரத்தமும் எரிந்த கொழுப்பும் சேர்ந்த வாடை, கோழித் தீவனக் கொட்டகையில் வருகிற அதே வாடை.

கலவைத் தாளில் ஆறு சதவீதம். தட்டச்சுப் பிழை இல்லை.

"எப்பலேர்ந்து?"

"பிண்ணாக்கு கிடைக்காமப் போச்சு பாருங்க, போன தை மாசம். அப்பலேர்ந்துங்க."

தை மாதத்திலிருந்து. நான் அப்போதும் இங்கேதான் இருந்தேன்.

ஜூன் 27, திங்கள்

முதலாளி மறுக்கவில்லை. மறுப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். ஆமாம் என்று சொல்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

"நம்ம நாட்டுல அந்த வியாதி எங்கியாச்சும் இருக்குதா அம்மிணி? நீயே படிச்சவ, சொல்லு."

"இல்லீங்க அய்யா. ஆனா..."

"மாடு நல்லாக் கறக்குதா இல்லையா? இத்தனை மாசத்துல ஒரு குறை வந்துச்சா? சோயா வரட்டும், நிறுத்திப் போடலாம். அது வரைக்கும் ஆள்காரன் அறுவது பேருக்கு வேலை வேணுமில்ல?"

"இனிமே கையெழுத்துப் போட முடியாதுங்க அய்யா."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். தையிலிருந்து போன சான்றிதழ்களின் நகல். நானே துளைபோட்டுக் கோத்தவை. எழுபத்தொன்று.

"இதுல என்ற கையெழுத்து எங்கியாச்சும் இருக்குதா பாரு. வெளிய விஷயம் போச்சுன்னா மொதல்ல யாரைத் தேடி வருவாங்க? நான் மெரட்டலை அம்மிணி. உன்ற நல்லதுக்குச் சொல்றேன். டீ ஆறுது, குடி."

குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 28, செவ்வாய்

லாட் ஒன்று. எழுபத்திரண்டு.

ஜூலை 1, வெள்ளி

வேலையை விட்டுவிடலாம் என்று யுவராஜிடம் சொன்னேன். சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டு? உன்ற ஒரிஜினல் சர்ட்டிபிகேட் பூரா அவங்க லாக்கர்ல இருக்கு. மூணு வருசம் ஒப்பந்தம் எழுதிக் குடுத்திருக்கே. எனக்கு இங்கதான் வேலை, இந்த வீடு அவங்களுது. எங்க போறது?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"பதினாலாம் தொட்டி."

வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. அந்தத் தூளை ஆந்திராவிலிருந்து ஏற்றி வருகிற லாரி எது என்று எனக்குத் தெரியாதா என்ன? திங்கட்கிழமை காலையில் அவர் சட்டையை நான்தான் இரண்டு தடவை சோப்புப் போடுகிறேன். கோழிக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அப்படியே நினைத்திருக்கலாம்.

சப்பாத்தி ஒன்று கருகிவிட்டது. அதை நான் சாப்பிட்டேன்.

ஜூலை 4, திங்கள்

வாசல் காவலாளி இன்று என் பையைத் திறந்து பார்த்தார். "சாரி மேடம், புதுசா சொல்லியிருக்காங்க" என்றார். தேங்காயும் ஒரு கட்டு வெற்றிலையும் இருந்தது.

ஜூலை 6, புதன்

இன்றும் பை. குடையை விரித்துக்கூடப் பார்த்தார்.

ஜூலை 11, திங்கள்

தீவன மாதிரி எடுக்க அரசு அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டைப் பையில் மூன்று பேனா. அவர் வருவது ஒரு மணி நேரம் முன்பே முதலாளிக்குத் தெரிந்திருந்தது. கேட் அருகே இருபது மூட்டை தனியாக அடுக்கியிருந்தார்கள். வெறும் பிண்ணாக்கும் தவிடும் மட்டும் போட்டுக் காலையில் அரைத்தது.

முதலாளி என்னையும் கூட நிற்கச் சொன்னார்.

அதிகாரி ஒழுங்கானவர். நாலு மூட்டையில் குழாயைக் குத்தி எடுத்தார். நாலு பங்காகப் பிரித்து சீல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், கெமிஸ்ட் நீங்கதான? வேற ஸ்டாக் இருக்கா?" என்றார்.

பின்கொட்டகையில் இருநூறு மூட்டை இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அதன் கதவு தெரியும். யுவராஜின் லாரி அதை ஒட்டி நின்றது.

"இவ்வளவுதாங்க சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். போகும்போது ஆய்வகச் சுவரில் சுற்றறிக்கை ஒட்டியிருப்பதைப் பார்த்து, "எல்லா எடத்துலயும் இப்படி ஒட்டி வெச்சா எங்களுக்கு வேலையே இல்லீங்க" என்று பாராட்டினார்.

முதலாளி வீட்டிலிருந்து சாயங்காலம் மைசூர்பாகு வந்தது. டப்பாவோடு அப்படியே இருக்கிறது.

ஜூலை 14, வியாழன்

அக்காவைப் பார்க்கப் போனேன். அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை. சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க மில் தீவனத்தை இனிமே போடாதே" என்றேன்.

"ஏன், பூஞ்சை கீஞ்சையா?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். செவலை அவள் முதுகுக்குப் பின்னால் அசைபோட்டுக்கொண்டிருந்தது. என் அக்கா கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். முதலாளியைத்தான் பேசினாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"மாட்டுக்கு மாட்டையே... எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா." கையை முந்தானையில் துடைத்தாள். "இப்ப வந்து எனக்கு மட்டும் சொல்றே. நாச்சாயிக்கு?"

"அக்கா, வெளிய சொன்னா நான் உள்ள போகணும். எல்லாத்துலயும் என் கையெழுத்து."

"அதைக் கேக்கலை. நாச்சாயி மாட்டுக்கு யாரு சொல்றது? என்ற பேரைச் சொல்லி, உன்ற பேரைச் சொல்லி நானல்ல வாங்கிப் போடச் சொன்னேன். நாளைக்கு அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

சாப்பிடச் சொல்லவில்லை அவள். நான் வந்து அவள் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பியது இதுவே முதல் தடவை. பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். மிச்சமிருந்த மூட்டையைத் தரதரவென்று இழுத்துப்போய்க் குப்பைக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 18, திங்கள்

சான்றிதழ்ப் படிவங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். கையெழுத்துப் போடாமல் மேசையிலேயே விட்டேன். பத்து மணி, பதினொன்று, யாரும் வந்து கேட்கவில்லை. பன்னிரண்டுக்கு லோடு கிளம்பிவிட்டது.

ஆபீஸில் கேட்டேன். கம்ப்யூட்டரில் என் கையெழுத்தைப் படமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். பேப்பரை உள்ளே விட்டால் கையெழுத்தோடு வெளியே வருகிறது. மை நீலமாகவே இருக்கிறது. நானே நம்பிவிடுவேன்.

ஆகக்கூடி நான் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். விட்டு ஓடினாலும் என் பெயர் இங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

ஜூலை 20, புதன்

யுவராஜ் இன்று தானாகவே பேசினார். துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"உனக்கு முன்னாடி இருந்த கெமிஸ்ட் மூணே மாசத்துல போயிட்டான். அதுக்கு முன்னாடி ஒருத்தன், ரெண்டு மாசம். அப்பத்தான் முதலாளி என்னையக் கூப்பிட்டு, உன்ற சம்சாரம் கெமிஸ்ட்ரிதான படிச்சிருக்கு, வெளியாளு நிக்கமாட்டேங்கறான், நம்ம ஆளா இருந்தா நிப்பாங்கன்னு சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சந்தோசமா சரின்னேன். உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்..." தலையணை உறையை மடிப்புக் கலையாமல் மறுபடி மடித்தார். "அவங்க ஏன் போனாங்கன்னு நான் கேக்கலை கோகிலா. கேட்டிருக்கணும்." தைக்கு முன்பே அவர்கள் எதைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று எனக்கும் தெரியாது.

அவர் அழுதார் என்று எழுத மாட்டேன். மூக்கை உறிஞ்சினார். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நானும்தான் தையிலிருந்து கேட்கவில்லை. ஆறு சதவீதத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் உறையைப் பார்த்துக் கேட்கவில்லை. இதை இங்கே எழுத ஆறு வாரம் ஆகியிருக்கிறது.

ஜூலை 25, திங்கள்

பல் வலி என்று சொல்லி டவுனுக்குப் போனேன். பையில் எதுவும் எடுத்துப்போகவில்லை. காவலாளி பார்த்துவிட்டு விட்டார்.

அதிகாரியின் அலுவலகம் மாடியில். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை எழுந்து படிவரை போய்த் திரும்பினேன். அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், அன்னைக்கு வேற ஸ்டாக் இல்லைன்னு சொன்னேன். பொய்."

முழுவதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றி, எழுதாமல் வைத்திருந்தார்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

"உங்க பேர்லயும் கேஸ் வரும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க. வராதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

"தெரியும் சார்."

"இன்னொண்ணு. நீங்க எழுதிக் குடுத்தது மட்டும் போதாது. நான் வந்து என் கையால மாதிரி எடுக்கணும். மறுபடி எனக்கு முன்னால இருபது மூட்டையைத்தான் அடுக்குவாங்க. எது எங்க இருக்குன்னு நீங்க அங்க நின்னு காட்டணும். அவங்க எல்லாரும் பாத்துட்டு இருக்கும்போது."

எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பப் போகவேண்டாம் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வழியும் இல்லை. நாலு பக்கம் எழுதினேன். பிறகு அதே மில்லுக்கு, அதே வாசல் வழியாகத் திரும்பி வந்தேன்.

"பல் எடுத்துட்டாங்களா மேடம்?" என்று காவலாளி கேட்டார். தலையாட்டினேன்.

ஜூலை 26, செவ்வாய்

வழக்கமான வேலை. ஈரம், புரதம், சாம்பல். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறுச்சாமி அண்ணன் மட்டும் "ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றார்.

ஜூலை 27, புதன்

பத்தேகாலுக்கு வந்தார்கள், இந்த முறை யாருக்கும் முன்பே தெரியாமல். அதிகாரி, கூட மூன்று பேர், ஒரு போலீஸ்காரர். முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்து, "வாங்க வாங்க" என்றார்.

"ஸ்டாக்கெல்லாம் எங்கங்க?" என்று அதிகாரி அவரைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

எல்லாரும் திரும்பினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், ஆபீஸ் பெண்கள், தையல் மெஷின்காரர். முதலாளி கோபமாகப் பார்க்கவில்லை. வீட்டுப் பிள்ளை கால் தவறி விழப்போவதைப் பார்ப்பதுபோல, "அம்மிணி" என்று மெதுவாகச் சொன்னார். அது மட்டும்தான். அந்த ஒரு வார்த்தையில் வீடு, சர்ட்டிபிகேட், யுவராஜ், நான் கையெழுத்திட்ட தாள்கள் எல்லாம் இருந்தது.

என் கால் நகரவில்லை என்பதுதான் உண்மை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நடந்தேன். பின்கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினேன். அங்கிருந்து மிக்ஸர் மேடைக்குப் போய்ப் பதினாலாம் தொட்டியைக் கையால் தொட்டு, "இது தாது உப்பு இல்லீங்க சார். இதுதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"தொறங்க" என்றார் அதிகாரி.

நான் பார்த்தபின் தொட்டிக்கு மேலேயும் கீழேயும் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி முதலாளியிடம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். முதலாளி சாவி வீட்டில் இருக்கிறது என்றார். ஆறுச்சாமி அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்தார். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து, தொட்டிக்கு அடியிலிருந்த பூட்டைத் திறந்து, பலகையை இழுத்தார். பழுப்பு நிறத் தூள் அவர் காலடியில் கொட்டியது. வாடை எல்லாருக்கும் வந்தது. ஆபீஸ் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள்.

யுவராஜ் அங்கே இல்லை. "நீ காட்டும்போது லாரிக்கு அந்தப் பக்கமாப் போய் நின்னுட்டேன்" என்று பிறகு சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 29, வெள்ளி

குவார்ட்டர்ஸ் காலி செய்தாயிற்று. சாமான் அவ்வளவாக இல்லை. யுவராஜ் மோகனூரில் அவர் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றார். என்னைக் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் அக்கா வீட்டுக்கு வந்தேன்.

அக்கா எதுவும் கேட்காமல் சோறு போட்டாள்.

ஆகஸ்ட் 3, புதன்

ஆடிப்பெருக்கு. எல்லாரும் காவிரிக்குப் போயிருக்கிறார்கள். நானும் அக்காவும் போகவில்லை. மாடு கறக்க வேண்டும்.

மாட்டுத் தீவனம் அரைக்கத் தடை போட்டு, பின்கொட்டகைக்கும் பதினாலாம் தொட்டிக்கும் சீல் வைத்துவிட்டார்கள். கோழித் தீவனம் ஓடுகிறது. ஆறுச்சாமி அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போன் செய்தேன். "அதுக்கென்னங்க மேடம், காட்டு வேலை கெடக்குது. அங்க எனக்கு மூச்சு முட்டிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். சோதனை முடிவு வந்ததும் என்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். என் பெயர் முதலில் இருக்கிறதா இரண்டாவதா என்பது அப்போது தெரியும்.

யுவராஜ் போன் செய்தார். "சாப்பிட்டியா?" என்றார். "ம்" என்றேன். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 8, திங்கள்

விற்ற மூட்டைகளைத் திரும்ப எடுக்கச் சொல்லி மில்லுக்கு உத்தரவு போயிருக்கிறது. டீலர்கள் வந்து வாங்கிப்போகிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. "ஈரம் அதிகமாயிடுச்சாம்" என்று நாச்சாயியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளும் பாதி மூட்டையைக் கொடுத்துவிட்டு, மீதியை வீணாக்குவானேன் என்று வைத்துக்கொண்டாளாம். நானோ அக்காவோ இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

காலை ஆறரைக்கு அக்காவோடு பால் சொசைட்டிக்குப் போனேன். கேனோடு நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். அக்கா பாலை ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றாள். எனக்காகப் பேசவில்லை.

நான்தான் பேசினேன். தீவனத்தில் என்ன கலந்தது, ஏன் கலக்கக் கூடாது, மிச்சமிருந்தால் ஏன் போடக் கூடாது. ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ யாரும்மா? கவர்ன்மெண்டா?"

"இல்லீங்க. அந்தத் தீவனத்துல ஒண்ணுமில்லைன்னு சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டவ."

ஒருவர் முன்னால் வந்து என் முகத்துக்கு நேரே திட்டினார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. இரண்டு பேர் அவரை இழுத்தார்கள். நாச்சாயி என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியாக ஒரு பெண் கேட்டாள். இடுப்பில் குழந்தை.

"இந்த மாட்டுப் பாலைத்தான் இவனுக்கு ஊத்தறேன். எதாச்சும் ஆகுமாங்க?"

ஆகாது என்று சொல்ல வாய் வந்தது. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"ஆகறதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவுங்க. பால் வழியா வந்ததா இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலை. ஆனா அந்தத் தூள்ல என்ன மாடு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு இனிமே கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்க ஊட்டுல முக்கால் மூட்டை இருக்குது. குழியில கொட்டிப் போடறேன்" என்றாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "காலையில ஊத்தறவங்க வேற, பொழுதோட ஊத்தறவங்க வேறங்க. அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

வீட்டுக்கு வந்து தொழுவம் கூட்டினேன். செவலைக்குத் தண்ணீர் வைத்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி சொசைட்டிக்குப் போனேன்.